ஃபோக் மெட்டல் கேட்பவர்கள் இருக்கிறீர்களா? ஃபாரோ தீவிலிருந்து தொடங்குவோம்

#1 கல்தூண்

வணக்கம் நண்பர்களே. இங்கே மெட்டல் வகைகளில் த்ராஷுக்கும் டெத் மெட்டலுக்கும் பக்கம் பக்கமாக இழைகள் இருக்கின்றன, நாட்டுப்புற இசை கலந்த ஃபோக் மெட்டலுக்கு ஒன்றுகூட இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் அதிகம் கேட்பது இதைத்தான். அதனால் நானே தொடங்குகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஸ்கைக்ளாட் தன் முதல் ஆல்பத்தில் 'தி விடர்ஷின்ஸ் ஜிக்' என்ற பாட்டைப் போட்டது. த்ராஷ் கிட்டாரோடு நாட்டுப்புற ஆட்ட மெட்டு கலந்த பாட்டு. ஃபோக் மெட்டல் அங்கேதான் பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். அப்புறம் அயர்லாந்தில் க்ரூவாகன் வந்தது. ஃபின்லாந்தின் அமார்ஃபிஸ் 1994இல் கலேவலா காப்பியத்தை வைத்தே ஒரு முழு ஆல்பம் செய்தது.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஒரு குழலைச் செருகிவிட்டால் அது ஃபோக் ஆகிவிடாது. மெட்டும் மொழியும் நடையும் ஊரிலிருந்து வரவேண்டும். வாத்தியம் வராவிட்டாலும் குறையில்லை.

இதற்கு என் சாட்சி ட்யூர். ஃபாரோ தீவுகளின் குழு, 1998இல் தொடங்கியது. வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள், மொத்தமே ஐம்பதாயிரம் சொச்சம் மக்கள். அவர்களுடைய பழைய ஆட்டத்தில் வாத்தியமே கிடையாது. எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். ஒருவர் கதைப்பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். இடப்பக்கம் இரண்டு அடி, வலப்பக்கம் ஓர் அடி. தரையில் விழும் அந்தக் காலடிதான் தாளம். ஃபாரோ மொழிக்கு இன்றைய எழுத்துமுறையே 1846இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் நெடுநாள் பள்ளியிலும் தேவாலயத்திலும் டேனிஷ் மொழிதான். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அந்த மொழியைச் சுமந்து வந்ததில் இந்த வட்ட ஆட்டப் பாட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அவற்றில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று 'ஊர்முரின் லாங்கி', நீண்ட பாம்பு என்று பொருள். நார்வே அரசன் ஓலாஃபின் போர்க்கப்பலின் பெயர் அது. ட்யூர் அதை 2002இல் வந்த முதல் ஆல்பத்தில் வாசித்தது. அதில் மேலே ஒட்டிவைத்த நாட்டுப்புற வாத்தியம் எதுவும் இல்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல். இருந்தும் அதைவிட ஊர் மணக்கும் மெட்டல் பாட்டை நான் கேட்டதில்லை. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நடக்கும் நடையே ஆட்டக்காரர்களின் நடை.

ஒத்துக்கொள்கிறவர்களும் மறுக்கிறவர்களும் வாருங்கள்.

#2 மழைப்பாட்டு

அண்ணா, நான் இந்தப் பக்கம் புதிது. மங்கோலியாவின் தி ஹூ கேட்டுத்தான் உள்ளே வந்தேன். 'யூவே யூவே யூ' வீடியோவை என் தம்பி காட்டினான். அன்றிரவு பதினைந்து தடவையாவது கேட்டிருப்பேன்.

நீங்கள் சொல்வதில் எனக்கு ஓர் இடம் உதைக்கிறது. தி ஹூவின் பாட்டில் மோரின் ஹூரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அந்தக் குதிரைத்தலை வாத்தியத்துக்காகத்தானே கேட்கிறோம்?

இன்னொன்றும் கேட்கவேண்டும். டெத் மெட்டல் மாதிரி கத்துவது எனக்குக் காது வலிக்கும். கத்தல் இல்லாத குழுக்கள் எவை?

#3 கல்தூண்

நல்ல கேள்வி தங்கை. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ட்யூர் பெரும்பாலும் தெளிவான குரல்தான். கோர்பிக்லானியும் அப்படியே, வயலினும் அக்கார்டியனும் உண்டு. குழுத் தலைவர் யோன்னே யார்வெலா முன்பு ஷாமன் என்ற பெயரில், வட ஐரோப்பாவின் 'சாமி' என்ற பழங்குடி மக்களின் மொழியில் பாடிவந்தார். 2003இல்தான் கோர்பிக்லானி என்று பெயர் மாற்றி ஃபின்னிஷ் பக்கம் வந்தார்கள். லாட்வியாவின் ஸ்கைஃபோர்ஜர் பொதுவாகக் கடுமையான குழு, ஆனால் 2003இல் 'ஸோபெனா ட்ஸீஸ்மா' என்று மின்கிட்டார் இல்லாமல் பழைய போர்ப்பாட்டுகளை மட்டும் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். உனக்குப் பிடிக்கும்.

முதல் கேள்விக்கு என் பதில்: ஹூர் இல்லாவிட்டாலும் அந்த மொழி இருக்கிறது, தொண்டைப் பாட்டு இருக்கிறது. முன்னோர் பெயரைச் சொல்லிக்கொண்டு வெட்டியாகத் திரிகிறோமே என்று தன் மக்களையே கேட்கும் அந்த வரிகள் இருக்கின்றன. அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

#4 ஒத்துவீடு

கல்தூண் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா நாயன செட்டில் ஒத்து ஊதியவர். வாழ்நாள் முழுக்க ஒரே சுரம். இப்போது அந்த வேலையைச் சுருதிப்பெட்டி செய்கிறது. அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு எந்த இசையிலும் முதலில் காதில் விழுவது அடியில் ஓடும் சுருதிதான்.

நாட்டுப்புற இசையும் மெட்டலும் ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கின்றன என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? மெட்டல் கிட்டாரிஸ்ட் வாசிக்கும் பவர் கார்ட் என்பது ச-ப, அவ்வளவுதான். காந்தாரம் இல்லை. டிஸ்டார்ஷன் ஏற்றிவிட்டு காந்தாரத்தையும் சேர்த்தால் சத்தம் குழம்பிச் சேறாகிவிடும், அதனால்தான் அதை விட்டுவிடுகிறார்கள். மேஜரா மைனரா என்று பவர் கார்ட் சொல்வதில்லை. மேலே வரும் மெட்டு எந்தக் காந்தாரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பியப் பைக்குழல்களின் அடிச்சுருதியும் ஷட்ஜமம்தான், சிலவற்றில் பஞ்சமமும் சேரும். ஹர்டி-கர்டியும் அப்படித்தான். அதில் கையால் ஒரு சக்கரத்தைச் சுற்றவேண்டும், சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும். சுருதித் தந்திகள் நிற்காமல் ஓடும், மெட்டு வேறு தந்தியில். சுற்றும்போது மணிக்கட்டைச் சட்டென்று வெட்டினால் ஒரு சின்னக் கட்டை அதிர்ந்து 'ர்ர்ர்' என்று உறுமும், அதுதான் தாளம். நூற்றாண்டுகளுக்கு முன்பே மரத்தில் செய்துவைத்த டிஸ்டார்ஷன் என்றுதான் நான் அதை நினைப்பேன்.

வாத்தியம் என்பது மேலே பூசும் வர்ணம் என்கிறார் கல்தூண். நான் அப்படி நினைக்கவில்லை. எந்த வாத்தியமும் விரலுக்கு ஒரு வழியைப் பழக்கிவைத்திருக்கும். மோரின் ஹூரில் இரண்டே தந்தி, இரண்டும் குதிரை மயிர். வயலின் மாதிரி தந்தியைப் பலகையில் அழுத்துவதில்லை. நகத்தின் அடிப்பக்கத்தாலும் விரல் பக்கத்தாலும் தந்தியைத் தொடுகிறார்கள். அதனால்தான் சுரம் வழுக்கி வழுக்கி வருகிறது, குதிரை கனைப்பது மாதிரி. அதே மெட்டைக் கிட்டாரில் வாசித்தால் சுரங்கள் வரும், வழுக்கல் வராது. தி ஹூ மட்டுமில்லை, உள் மங்கோலியாவின் நைன் ட்ரெஷர்ஸ் கேளுங்கள். அவர்களுடைய ரிஃப்களே ஹூர் வில்லின் ஓட்டத்திலிருந்து பிறந்தவை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஓர்ஃபன்ட் லேண்ட் போன்ற மேற்காசியக் குழுக்களின் பாட்டில் ஹிஜாஸ் என்ற மகாமின் (நம் ராகம் மாதிரி) சாயல் ஏன் அத்தனை தடவை வருகிறது? ச, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், மத்யமம் என்று நம் மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதி மாதிரி வரும் அது. கிட்டாரின் கட்டைகளில் (ஃப்ரெட்) ஏறத்தாழ அப்படியே உட்காரும். ராஸ்த் மகாமின் காந்தாரம் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது, கிட்டாரில் அதற்கு இடமில்லை. 'ஊத்' என்ற அரபுத் தந்தி வாத்தியத்தில் இருக்கிறது, ஏனென்றால் அதற்குக் கட்டையே கிடையாது. வாத்தியத்தைக் கைவிட்டால் சில மகாம்களும் கூடவே போய்விடும். 'மெட்டு ஊரிலிருந்து வரவேண்டும்' என்று சொல்கிறீர்கள். அந்த மெட்டைத் தாங்கும் வாத்தியம் இல்லாமல் எங்கிருந்து வரும்?

#5 மழைப்பாட்டு

ஒத்துவீடு ஐயா, பவர் கார்ட் ச-ப என்பதை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். அடியில் ச-ப பிடித்துக்கொண்டு 'யூவே யூவே யூ'வைத் தேடினால் மெட்டு அப்படியே மேலே வந்து உட்காருகிறது!

#6 ரைன்கரை

ஓம், நானும் கதைக்கலாமா? நான் ஈழத்துப் பெற்றோருக்குச் சுவிஸில் பிறந்து வளர்ந்தவன். எங்களுக்குப் பக்கத்தில வின்டர்தூர். எல்வெய்டி அந்த நகரத்துக் குழு, 2002இல் தொடங்கினது. அவர்களை ஒருவரும் இன்னும் தொடவில்லை என்றது எனக்குக் கவலை.

கல்தூண் அண்ணாவின் கணக்குப்படி பார்த்தால் எல்வெய்டி தோற்றுப்போகும். 'இனிஸ் மோனா' அவர்களின் பெயர்போன பாட்டு. மெட்டு பிரான்ஸின் பிரெத்தோன் மக்களுடையது, 'மூன்று மாலுமிகள்' என்ற பழைய பாட்டு. தலைப்பு வேல்ஸ் கரையோரத் தீவு ஒன்றின் பெயர். ஊதுகிற குழல்களில் சில அயர்லாந்துக் குழல்கள். ஆட்கள் சுவிஸ். ஊர் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஏலாது.

ஆனால் அவர்கள் பிரான்ஸ் பக்கத்தில் ஒருகாலம் பேசின கோலிய மொழியில் பாடுகிறார்கள். ரோமர் வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, ஆயிரத்து ஐந்நூறு வருடமாக ஒருவருக்கும் தாய்மொழியாக இல்லாத மொழி. 2009இல் வந்த 'இவொகேஷன் 1' ஆல்பத்தில் மின்கிட்டாரை அநேகமாக ஒதுக்கிவைத்துவிட்டு இந்த மொழியில்தான் பாடினார்கள். அதில் 'டெஸ்ஸுமிஸ் லூகே' என்ற பாட்டு இருக்கிறது. அதன் வரிகள் குழு எழுதினவை இல்லை. பிரான்ஸில் ஷமாலியேர் என்ற இடத்தில், ஊற்று ஒன்றில் கிடந்த ஈயத் தகடு 1971இல் அகப்பட்டது. யாரோ ஒருவர் தெய்வத்திடம் முறையிட்டு எழுதி ஊற்றில் போட்ட தகடு. அந்த எழுத்தைத்தான் பாடுகிறார்கள். குழுவின் பெயரும் அப்படித்தான், 'நான் எல்வெத்தியன்' (சுவிஸ் பக்கத்துப் பழைய இனம்) என்று ஒரு பழம் பாத்திரத்தில் கீறியிருந்த சொல்.

செத்துப்போன மொழிக்கு அதன் சொந்த மெட்டை எங்கே போய்த் தேடுவது? ஒரு மெட்டும் மிஞ்சவில்லை. அதால உறவுக்கார மக்களிடம் கடன் வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் ஒரு மொழி, வெளியில் வேறு மொழி என்று வளர்ந்த எனக்கு அந்தத் தகட்டுப் பாட்டு முதல்முறை கேட்டபோது நெஞ்சு அடைத்தது. இன்றைக்கும் அதை வேலைக்குப் போகிற ரயிலில் கேட்கமாட்டேன், தனிய இருக்கும்போதுதான்.

#7 கல்தூண்

ரைன்கரை, இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எல்வெய்டியைப் பல வருடமாக 'எல்லாம் கலந்த சாம்பார்' என்று ஒதுக்கிவைத்திருந்தேன். அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

#8 செவ்வந்தி

இழை நன்றாகப் போகிறது. புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு விஷயம் சொல்லவேண்டும், குறிப்பாக ஐரோப்பியக் குழுக்களைத் தேடும்போது.

'பேகன் மெட்டல்' என்று தேடினால் நல்ல குழுக்களோடு நாஜிக் கும்பல்களும் வந்து நிற்கும். முன்னோர், மண், ரத்தம் என்ற பேச்சு அவர்களுக்கு வசதியானது. ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளையும் பழைய சூரியச் சின்னங்களையும் அவர்கள் கைப்பற்றி வைத்திருக்கிறார்கள். வரிகளும் புரியாது என்பதால் தெரியாமலே கேட்டுவிட வாய்ப்பு உண்டு. ஒரு குழுவைப் பிடித்துப்போனால் அது யார், எந்த லேபிள் என்று ஐந்து நிமிடம் பாருங்கள். கல்தூண் சொன்ன ட்யூர் இந்த விஷயத்தில் நேராக நின்ற குழு. 2011இல் 'ஷேடோ ஆஃப் தி ஸ்வஸ்திகா' என்று ஒரு பாட்டே போட்டு, வடக்கின் மரபைப் பேசுவதால் எங்களை நாஜி என்று பார்க்காதீர்கள், அந்த வெறி எங்களுடையது இல்லை என்று சொன்னார்கள்.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். ஒத்துவீடு சொன்ன ஓர்ஃபன்ட் லேண்ட் இஸ்ரேலியக் குழு. 2013இல் அவர்களும் கலாஸ் என்ற பாலஸ்தீனக் குழுவும் ஒரே பேருந்தில் ஐரோப்பா முழுக்கச் சேர்ந்து சுற்றினார்கள். தைவானின் தானிக் (Chthonic), இரண்டு தந்தி ஃபிடிலை வைத்துக்கொண்டு தன் தீவின் ரணங்களைப் பாடுகிறது. 2005இல் வந்த 'சீடிக் பாலே' ஆல்பம் 1930இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக சீடிக் பழங்குடி மக்கள் செய்த கிளர்ச்சி பற்றியது. பாடகர் ஃப்ரெடி லிம் 2016 தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்கே போனார்.

#9 தோபாயோ

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நம்மவர்கள் யாரும் இல்லையா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: ருத்ரா. 1992இல் இங்கே தொடங்கிய குழு. பாடகரும் பேஸ் வாசிப்பவருமான கதிர் தொடக்கத்திலிருந்து இருக்கிறார். 2005இல் வந்த 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். உபநிடதக் கருத்துகளும் சமஸ்கிருத ஓதலும் டெத் மெட்டலோடு வரும். தாங்கள் வாசிப்பது வேத மெட்டல் என்று அவர்களே சொல்வார்கள். தங்கைக்கு ஒரு எச்சரிக்கை, கத்தல் நிறைய உண்டு.

இது ஃபோக்கா என்றால், இல்லை. ஓதுவது வேறு, ஊர்ப்பாட்டு வேறு. டெல்லியின் ப்ளடிவுட் அந்தப் பெயருக்கு இன்னும் பக்கத்தில் வரும், பஞ்சாபி டோல் மேளம் அதன் முதுகெலும்பு. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் அவர்கள் வாசித்த காட்சிகளைத் தேடிப் பாருங்கள். டோல் விழும்போது ஜெர்மன்காரர்கள் பாங்க்ரா குதி குதிக்கிறார்கள்.

#10 கல்தூண்

வந்துவிட்டேன். 'இவொகேஷன் 1' இரண்டு முறை கேட்டேன். ரைன்கரை, மன்னிக்கவேண்டும், அது சாம்பார் இல்லை. ஒத்துவீடு ஐயாவிடமும் பாதி தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் ஹர்டி-கர்டி உறுமுகிற இடத்தில் மின்கிட்டார் இல்லை என்றே எனக்குத் தோன்றவில்லை.

மிச்சப் பாதியை இன்னும் விடமாட்டேன். நியூசிலாந்தின் ஏலியன் வெப்பனரி கேளுங்கள். டி யோங் சகோதரர்கள் 2010இல் தொடங்கியபோது மூத்தவனுக்குப் பத்து வயது, இளையவனுக்கு எட்டு. அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழிப் பள்ளியில் படித்தவர்கள், ஹாக்கா என்ற அவர்களுடைய ஆட்டத்தை ஆடியே வளர்ந்தவர்கள். முதல் ஆல்பம் 'டூ' 2018இல் வந்தது. கிட்டார், பேஸ், டிரம்ஸைத் தாண்டி முன்னால் நிற்கும் வாத்தியம் இல்லை, ஆனால் வரிகளை அவர்கள் தொண்டையிலிருந்து வெட்டி வெட்டி எறியும் விதம் ஹாக்காவேதான். 'ரூ ஆனா தே ஃபெனுவா' 1864இல் கேட் பா என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையோடு நடந்த சண்டையைப் பற்றியது. அவர்களுடைய முன்னோர் ஒருவரே அங்கே நின்று சண்டை போட்டவர். பாட்டி தாத்தா காலத்தில் மாவோரி பேசினால் பள்ளியில் அடி விழும். மொழிக்கூடுகள் என்ற பாலர் பள்ளிகள் 1982இல்தான் தொடங்கின, 1987இல்தான் அது ஆட்சிமொழியானது. அப்படித் திரும்பி வந்த மொழியில் இரண்டு பையன்கள் த்ராஷ் வாசிக்கிறார்கள். இதற்கு எந்த வாத்தியம் வேண்டும்?

#11 ஒத்துவீடு

இதற்கு வேண்டாம்தான். ஹாக்காவே உடம்பைத் தட்டி ஆடுவது. தொடையும் மார்பும்தான் அங்கே வாத்தியம், அதை டிரம்ஸ் வாங்கிக்கொண்டது. ஃபாரோவில் காலடி, மாவோரியில் மார்பு. உங்கள் இரண்டு சாட்சிகளுமே வாத்தியம் பின்னால் நிற்கும் மரபிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனித்தீர்களா? மங்கோலியாவில் இந்தக் கணக்கு செல்லாது.

உங்கள் கட்சிக்கு உதவியாக நானே ஒன்று தருகிறேன். எஸ்டோனியாவின் மெட்ஸடோல். அங்கே ரெகிலௌல் என்ற பழைய பாட்டு வகை உண்டு, ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது. வேல்யோ டோர்மிஸ் என்ற இசையமைப்பாளர் அந்த மரபிலேயே ஊறியவர். 1972இல் அவர் எழுதிய 'ரௌவா நேட்மினே', இரும்புக்குச் சாபம், ஒரு சேர்ந்திசைக் குழுவுக்கும் ஒற்றை மேளத்துக்குமானது. இரும்பு எப்படிப் பிறந்தது, எப்படி ஆயுதமாகி மனிதனுக்கே எதிராகத் திரும்பியது என்று ஓதும் பாட்டு. மெட்ஸடோல் எஸ்டோனிய தேசிய ஆண்கள் சேர்ந்திசைக் குழுவோடு சேர்ந்து அதை மேடையில் வாசித்து, 2006இல் ஆல்பமாக வந்தது. இரும்பைச் சபிக்கும் பாட்டை மெட்டல் குழு வாசிக்கிறது. பைக்குழலும் உண்டு, கன்னெல் என்ற தந்தி வாத்தியமும் உண்டு, ஆனால் அந்தப் பாட்டில் ஆளைத் தூக்குவது அந்த ஆண்குரல்கள்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

#12 ரைன்கரை

ஒத்துவீடு ஐயா, கேட்டன். தேகம் சிலிர்த்துப்போச்சு.

#13 கல்தூண்

ஃபின்ட்ரோலைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. ஃபின்லாந்துக் குழு ஸ்வீடிஷ் மொழியில் பாடுகிறது, அக்கார்டியன் மாதிரி ஒலிப்பது கீபோர்டு. ஆனால் அடியில் ஓடும் 'ஹும்ப்பா' தாளம் அசல் ஃபின்லாந்து ஆட்டக்கூடத்துத் தாளம். 2001இல் வந்த 'யாக்டென்ஸ் டீட்' கேட்டுவிட்டு யாராவது உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம் செபுல்டுராவின் 'ரூட்ஸ்', 1996. பிரேசிலின் ஷவாந்தே மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு பாடிப் பதிவுசெய்த பாட்டு அதில் இருக்கிறது. இதையெல்லாம் பேச இன்னொரு நாள் வேண்டும்.

#14 மழைப்பாட்டு

மூன்று நாளாக எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கைஃபோர்ஜரின் கிட்டார் இல்லாத ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. லாட்வியாவில் இப்படிக் குறும்பாட்டுகள் 2 லட்சத்துக்கும் மேல் தொகுத்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். கிரிஷ்யானிஸ் பாரோன்ஸ் என்பவர் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, அதற்கென்றே ஓர் அலமாரி செய்து அடுக்கிவைத்தாராம்.

நேற்று மொட்டைமாடியில் 'ஊர்முரின் லாங்கி' போட்டுவிட்டு அந்த அடியைப் போட்டுப் பார்த்தோம், நானும் தம்பியும் கைகோத்துக்கொண்டு. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. முதலில் சரியாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டு வரி ஓர் இடத்தில் முடிகிறது, எங்கள் கால் வேறு இடத்தில் நிற்கிறது. நாங்கள் தப்பு செய்கிறோமா, இல்லை அது அப்படித்தானா?

#15 கல்தூண்

அது அப்படித்தான்! கால் ஒரு கணக்கில் போகும், பாட்டு வேறு கணக்கில் போகும். விலகிப்போய்த் திரும்ப வந்து சேரும். ஃபாரோக்காரர்கள் காலை நிறுத்துவதில்லை. நீங்களும் நிறுத்தாமல் அடுத்த அடி வரைக்கும் போய்ப் பாருங்கள்.